சால்வடோரில் தெந்தே மணக்கும் மதியச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசிலின் வடகிழக்கில் உள்ள பாஹியா மாநிலத்தின் தலைநகர் சால்வடோர். 1549-இல் போர்ச்சுகீசியர் நிறுவிய இந்த நகரம் 1763 வரை பிரேசிலுக்கே தலைநகராக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 48 லட்சம் பேர். அவர்களில் பெருங்கூட்டம் இறங்கிய துறைமுகங்களில் இதுவும் ஒன்று. அவர்களும் அவர்கள் வழிவந்த பெண்களும் வளர்த்தெடுத்த சமையல்தான் இன்று இந்த ஊரின் சாப்பாடு. அங்கே சாதாரண உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

சாதாரண உணவகம் என்றால் எப்படிப்பட்ட இடம்?

பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு புனிதர் படம், பக்கத்திலேயே காற்பந்து அணியின் கொடி, கரும்பலகையில் அன்றைக்கு என்னென்ன உண்டு என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய பட்டியல். பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்துவதாக இருக்கும். அடுப்படியில் நிற்கும் அம்மாளின் பெயரே கடையின் பெயராகவும் இருக்கும். வயதில் மூத்த பெண்களைப் பெயருக்கு முன்னால் 'தோனா' சேர்த்து அழைப்பது அங்கே மரியாதை. நீங்களும் அப்படியே அழையுங்கள்.

வெள்ளை மேசைவிரிப்பும் கடல் பார்த்த மாடியுமாக, இதே பதார்த்தங்களை மூன்று மடங்கு விலைக்குத் தரும் உணவகங்களும் ஊரில் உண்டு. அவற்றில் சில நன்றாகவே சமைக்கின்றன. ஆனால் இந்தச் சமையல் வேலைக்குப் போகிறவர்களின் மதியச் சாப்பாடு என்பதை அங்கே உட்கார்ந்தால் மறந்துவிடுவோம்.

எந்த நேரத்தில், எந்தக் கிழமையில் போகலாம்?

மதியம் 12 மணிக்குப் போய்விடுங்கள். ஒரு மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் வந்துவிடும். இரண்டரைக்கு மேல் நல்ல பதார்த்தங்கள் தீர்ந்துவிடும். இத்தகைய கடைகள் பல இரவில் திறப்பதே இல்லை.

கிழமை என்றால் வெள்ளி. சால்வடோரில் வெள்ளிக்கிழமை தெந்தே என்ற சிவப்புப் பனையெண்ணெயின் நாள். கத்தோலிக்க வழக்கப்படி இறைச்சி தவிர்க்கும் நாள் என்பதால் மீனும் இறாலும் முன்னுக்கு வருகின்றன. ஆப்பிரிக்க வேர் கொண்ட கந்தோம்ப்ளே வழிபாட்டில் அது ஒஷாலா என்ற மூத்த தெய்வத்தின் நாள். ஆகவே ஊரில் ஏராளமானோர் வெள்ளை உடுத்தியிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் ஒஷாலாவுக்குத் தெந்தே எண்ணெய் ஆகாது. அவர் நிறத்தை உடுத்திக்கொண்டு அவருக்கு விலக்கான எண்ணெயை ஊரே உண்கிறது. இதை அங்கே யாரும் முரணாக நினைப்பதில்லை. நீங்களும் வெள்ளை உடுத்திப் போவதானால் கைத்துண்டை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். தெந்தேக் கறை லேசில் போகாது.

தெந்தே என்பது என்ன எண்ணெய்?

ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையின் பழச்சதையிலிருந்து எடுக்கும் செந்நிற எண்ணெய். கடைகளில் விற்கும் நிறமற்ற, மணமற்ற பாமாயிலும் அதே மரத்திலிருந்து வருவதுதான். சுத்திகரிப்பில் நிறமும் மணமும் போய்விடுகின்றன. தெந்தேயை அப்படிச் செய்வதில்லை. குங்குமச் சிவப்பாக, குளிர்ந்தால் அடியில் உறையும் தன்மையோடு, லேசான கொட்டைமணத்தோடு இருக்கும். சால்வடோருக்குத் தெற்கே வலென்சா ஊரை ஒட்டிய கடற்கரைக்கே தெந்தேக் கரை என்றுதான் பெயர். இந்த எண்ணெயில் சமைத்த எல்லாவற்றையும் 'எண்ணெய்ச் சாப்பாடு' என்று ஒரே பெயரில் சொல்வது சால்வடோர் வழக்கம்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?

அளவாகச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளும். முதல் நாளே மதியம் மொக்கேக்கா என்ற மீன்சட்டி, மாலை அக்கராஜே என்ற பயறு வடை, இரவு ஷின்ஷிம் என்ற கோழிக் குழம்பு என்று இறங்கினால் மறுநாள் அறையிலேயே கழியும். உள்ளூர்க்காரர்களும் தினமும் தெந்தே சாப்பிடுவதில்லை. வாரத்தின் மற்ற நாட்களில் அவர்கள் தட்டில் இருப்பது சோறு, பீன்ஸ், வறுத்த கோழி, கொஞ்சம் மரவள்ளி மாவு.

முதல்முறை போகிறவர் எதை வாங்கலாம்?

மொக்கேக்கா. தயங்க வேண்டாம்.

மண்சட்டியில் வரும் மீன் பதார்த்தம் இது. மீன் துண்டுகளை எலுமிச்சை, பூண்டு, உப்பு, கொத்தமல்லியோடு சிறிது நேரம் ஊறவைப்பார்கள். சட்டியின் அடியில் வெங்காய வளையம், தக்காளி வளையம், குடைமிளகாய் வளையம்; அதன்மேல் மீன்; மறுபடி அதே வளையங்கள். தேங்காய்ப்பால் ஊற்றி மூடினால், காய்களும் மீனும் விடும் நீரிலேயே வெந்துவிடும். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, மீன் உடைந்துவிடும்; துணியால் இரு காதையும் பிடித்துச் சட்டியை மெல்ல ஆட்டுவார்கள். தெந்தே கடைசியில்தான் சேரும். முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் கனத்துவிடும் என்பார்கள். மேசைக்கு வரும்போது ஓரங்கள் குமிழியிட்டுக்கொண்டிருக்க வேண்டும். அடங்கிப்போன சட்டி வந்தால் அது முன்பே செய்து சூடாக்கியது.

மீனுக்குப் பதில் இறால், திருக்கை, ஆக்டோபஸ், உதிர்த்த நண்டுச் சதை எதிலும் மொக்கேக்கா உண்டு. என்னைக் கேட்டால் நண்டு. ஆனால் அதை நன்றாகச் செய்யும் கடையில் மட்டும்; ஓடு ஆய்வதில் சோம்பல் பட்டால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

ஒரு மொக்கேக்கா எத்தனை பேருக்கு?

இரண்டு பேருக்கு என்று பட்டியலில் போட்டிருந்தால் மூன்று பேர் சாப்பிடலாம். தனியாகப் போகிறவர்கள் பாதி அளவு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் கொடுப்பார்கள். அரை மணி நேரம் காத்திருக்க நேரும், ஏனென்றால் சட்டியை நீங்கள் சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள். இருபது பதார்த்தங்கள் உள்ள பட்டியலைப் பார்த்து நான்கைந்து சொல்லிவிடுவது வெளியூர்க்காரர்கள் வழக்கமாகச் செய்வது. ஒரு சட்டி சொல்லுங்கள், துணைக்கு வருபவற்றையும் சாப்பிட வேண்டுமே.

துணைக்கு என்னென்ன வரும்?

வெள்ளைச் சோறு கட்டாயம். பிராவ் வரும்: மீன் வெந்த சாற்றில் மரவள்ளி மாவைத் தூவிக் கிளறிய கெட்டிக் கூழ். தெந்தேயில் வறுத்து மஞ்சளாக்கிய மரவள்ளி மாவு, ஃபரோஃபா, தனிக் கிண்ணத்தில் இருக்கும். சோற்றின்மேல் சாறு ஊற்றி அதன்மேல் ஃபரோஃபாவைத் தூவிக்கொள்வது முறை. தனியாக வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும்.

இவற்றோடு வத்தப்பாவும் கருருவும் வந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகலாம். வத்தப்பா, ஊறிய ரொட்டியை அல்லது மாவை உலர்ந்த இறால், நிலக்கடலை, முந்திரி, இஞ்சி, தேங்காய்ப்பால், தெந்தே எல்லாவற்றோடும் அரைத்துக் கைவிடாமல் கிளறிய விழுது. பாத்திரத்தின் அடியை விட்டு விலகும்வரை கிளற வேண்டும். கை வலிக்கிற வேலை. கருரு, பொடியாக நறுக்கிய வெண்டைக்காயை அதே இறால், கடலை, தெந்தே கூட்டணியில் வேகவைத்தது. வெண்டைக்காயின் வழுவழுப்பைப் போக்க அவர்கள் மெனக்கெடுவதில்லை, அதுதான் அதன் பக்குவம்.

காரம் தூக்கலாக இருக்குமா?

சட்டியில் காரம் இருக்காது. மலகெட்டா என்ற சின்ன மிளகாயை அரைத்தோ எண்ணெயில் ஊறவைத்தோ தனிக் கிண்ணத்தில் வைப்பார்கள், வேண்டியவர்கள் தொட்டுக்கொள்ளலாம். தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, மலகெட்டா நறுக்கிச் சேர்த்த பச்சைச் சாறு ஒன்றும் வரும், அதற்கு லம்பாவ் என்று பெயர். மிளகாய்க்குப் பழகிய நாக்குகூட மலகெட்டாவை முதலில் நுனிக் கரண்டியால் சோதித்துவிட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

தெருவில் அக்கராஜே வாங்கும்போது மட்டும் ஒரு விஷயம். விற்கும் அம்மாள் "சூடாகவா, ஆறியதா?" என்று கேட்பார். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், இதென்ன கேள்வி என்று தோன்றும். அவர் கேட்பது மிளகாய் விழுது தடவவா வேண்டாமா என்பதை.

அக்கராஜே உணவகத்தில் கிடைக்குமா?

சில இடங்களில் சின்னச் சின்னதாகப் பொரித்து முதலில் கொறிக்கத் தருவார்கள். ஆனால் அக்கராஜேவின் இடம் தெரு. மாலை நான்கு மணிக்கு மேல் பாயானா எனப்படும் பெண்கள் மரத்தட்டு மேசையை விரித்து உட்காருவார்கள். தலையில் கட்டிய வெள்ளைத் துணி, லேஸ் வைத்த அகலப் பாவாடை, கழுத்தில் தங்கள் தெய்வத்துக்குரிய நிறத்தில் மணிமாலை. அந்த உடையைச் சுற்றுலாவுக்கான வேடம் என்று நினைத்துவிட வேண்டாம். அது தொழிலின் பகுதி.

செய்முறை தமிழ் வாசகர்களுக்கு உடனே பிடிபடும்: தட்டைப்பயறில் சுட்ட உளுந்துவடை என்று வைத்துக்கொள்ளுங்கள், அளவு மட்டும் உள்ளங்கையை நிறைக்கும். பயறை உடைத்து ஊறவைத்து, தோலையும் அதன் கருப்புக் கண்ணையும் ஒன்றுவிடாமல் கழுவி நீக்குவார்கள். கண் ஒன்றிரண்டு தங்கினாலும் மாவில் கரும்புள்ளி தெரியும். வாங்க வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். அரைத்த மாவில் வெங்காயமும் உப்பும் மட்டும் சேர்த்து, மரக்கரண்டியால் காற்று ஏறும்வரை அடிப்பார்கள். தெந்தே கொதிக்கும் சட்டியில் ஒரு முழு வெங்காயம் மிதந்துகொண்டிருக்கும், எண்ணெய் கருகாமல் இருப்பதற்காக. பொரித்து எடுத்ததை நடுவில் பிளந்து வத்தப்பா, கருரு, தக்காளி நறுக்கல், உலர்ந்த இறால் என்று அடைத்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். அதே மாவில் தெந்தேயும் அரைத்த இறாலும் சேர்த்து வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைத்தால் அபரா. பொரித்தது வேண்டாம் என்பவர்கள் அபராவைக் கேட்கலாம், அதிலும் தெந்தே உண்டு என்பதை மறக்காமல்.

இந்தத் தொழிலின் வேர் அடிமைக் காலத்தில் இருக்கிறது. நகரத்து அடிமைப் பெண்கள் தலையில் தட்டைச் சுமந்து தெருத்தெருவாக விற்பார்கள். வருமானத்தில் பெரும்பங்கு உடைமையாளருக்கு. மிச்சத்தைச் சேர்த்துச் சிலர் தங்கள் விடுதலையையும் பிள்ளைகளின் விடுதலையையும் விலைகொடுத்து வாங்கினார்கள். பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888-இல். பாயானாக்களின் கைத்தொழிலைப் பிரேசில் அரசு 2005-இல் தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. அதன் பிறகும் உரசல்கள் ஓயவில்லை. 2014 உலகக் கோப்பைக் காற்பந்துக்கு முன்பு, புதிதாகக் கட்டிய ஃபோன்டே நோவா அரங்கத்துக்குள் அவர்களுக்கு இடமில்லை என்ற நிலை வந்தபோது அவர்களுடைய சங்கம் போராடித்தான் உள்ளே போனது. இன்னொரு பக்கம், கந்தோம்ப்ளேயை ஏற்காத சில சுவிசேஷ சபையினர் இதே பண்டத்தை 'இயேசுவின் உருண்டை' என்ற பெயரில் விற்கிறார்கள். பாயானாக்களுக்கு அதில் கோபம் உண்டு, நியாயமான கோபம்.

சைவர்கள் என்ன சாப்பிடலாம்?

கவனம் தேவை. இந்தச் சமையலில் உலர்ந்த இறால் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் இருக்கிறது. வத்தப்பாவில் அரைபட்டு இருக்கும், கருருவில் இருக்கும், அபராவின் மாவிலேயே இருக்கும். கீரையில் செய்யும் எஃபோ பார்வைக்குக் கீரை மசியல்; அதிலும் இறால். "இறால் வேண்டாம்" என்று சொன்னால் மேலே வைக்கும் முழு இறாலை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். "அரைத்த இறாலும் கூடாது" என்று தனியாகச் சொல்ல வேண்டும். பீன்ஸ் குழம்பிலும் பன்றிக்கொழுப்போ தொத்திறைச்சியோ கிடக்கலாம்.

இனி நல்ல செய்தி. நேந்திர வகை வாழைப்பழத்திலும், பனங்குருத்திலும், முந்திரிப்பழத்திலும்கூட மொக்கேக்கா செய்யும் கடைகள் சால்வடோரில் உண்டு. வாழைப்பழ மொக்கேக்கா ஏதோ மாற்றுப்பொருளாகத் தோன்றாது. பழத்தின் இனிப்பும் தெந்தேயும் ஒன்றுக்கொன்று அவ்வளவு இசைவு. அக்கராஜேவின் மாவு தன்னளவில் சைவம்தான். தக்காளி நறுக்கலை மட்டும் அடைத்துக் கேட்கலாம். அதே எண்ணெயில் வேறு ஏதும் பொரிக்கிறார்களா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள்?

இறால், நிலக்கடலை, முந்திரி மூன்றும் அடித்தளப் பொருட்கள். இவற்றில் எதற்காவது கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வத்தப்பா, கருரு, ஷின்ஷிம் வேண்டவே வேண்டாம். மொக்கேக்காவும் அதே அடுப்படியில், அதே கரண்டிகளோடுதான் தயாராகிறது. கோதுமை ஆகாதவர்களுக்கு மரவள்ளியால் பெரிய தொல்லை இல்லை. வத்தப்பாவில் மட்டும் ரொட்டி இருக்கும்.

பீன்ஸும் பன்றியிறைச்சியும் சேர்த்து வேகவைக்கும் ஃபெய்ஜொவாடா, அடிமைகள் எஜமானர் வீட்டு மிச்சத்தில் செய்தது என்கிறார்களே, உண்மையா?

ஊரெல்லாம் சொல்லும் கதை. பல வரலாற்று ஆய்வாளர்கள் ஏற்காத கதை. பன்றியின் காது, வால், கால்களை எஜமானர் வீட்டில் ஒதுக்கிவிட, அவற்றைப் பீன்ஸோடு வேகவைத்து அடிமைகள் உண்டார்கள் என்பது அதன் சாரம். ஆனால் போர்ச்சுகீசியர் அந்தப் பாகங்களை ஒதுக்கியவர்களே அல்லர், விரும்பித் தின்றவர்கள். இறைச்சியையும் பயறையும் ஒரே பானையில் வேகவைக்கும் பதார்த்தங்கள் ஐரோப்பாவில் முன்பே இருந்தன. அடிமைகளுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் மரவள்ளி மாவும் பீன்ஸும், அபூர்வமாகச் சிறிது உலர்ந்த இறைச்சியும். அதற்காக ஃபெய்ஜொவாடாவில் கறுப்பின மக்களின் கை இல்லை என்று ஆகிவிடாது. பணக்கார வீட்டு அடுப்படிகளிலும் கடைகளிலும் பானையைக் கிண்டியவர்கள் யார் என்று பார்த்தால் போதும். மிச்சத்தில் பிறந்தது என்ற கதை, அந்தச் சமையற்காரிகளின் தேர்ச்சியைப் பரிதாபமாகக் குறுக்கிவிடுகிறது என்பது என் வருத்தம்.

ரியோவில் கருப்புப் பீன்ஸ். பாஹியாவில் பெரும்பாலும் பழுப்பு நிறப் பீன்ஸ். சாப்பிட்ட பிறகு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மனிசோபா என்ற கரும்பச்சைக் குழம்பைப் பார்த்தேன். பயப்படாமல் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். அரைத்த மரவள்ளி இலையை இறைச்சியோடு வேகவைத்தது. மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சு உருவாக்கும் பொருள் இருப்பதால் நாட்கணக்கில் கொதிக்கவைத்தே பரிமாறுவார்கள். ஆகவே இது அவசரத்தில் செய்யும் பதார்த்தம் கிடையாது. சால்வடோர் வளைகுடாவைச் சூழ்ந்த ரெகொன்கவோ பகுதியில், கஷோய்ரா, சாந்தோ அமாரோ ஊர்கள் இதற்குப் பேர்போனவை.

இந்தச் சாப்பாட்டுக்கும் கந்தோம்ப்ளேக்கும் என்ன தொடர்பு? வெளியாட்கள் சாப்பிடுவதில் தவறு உண்டா?

தவறு ஏதும் இல்லை. ஆனால் தொடர்பைத் தெரிந்துகொண்டு சாப்பிடுவது நல்லது.

கந்தோம்ப்ளே, மேற்கு ஆப்பிரிக்க யோருபா, ஃபோன் மக்களும் காங்கோ, அங்கோலா பகுதி மக்களும் கொண்டுவந்த வழிபாடுகள் பாஹியாவில் உருப்பெற்ற மதம். ஒவ்வொரு ஒரிஷாவுக்கும் அதாவது தெய்வத்துக்கும் உரிய உணவு உண்டு, விலக்கும் உண்டு. காற்றுக்கும் புயலுக்கும் உரிய இயான்சானுக்கு அக்கராஜே. ஒஷாலாவுக்கு உப்பும் தெந்தேயும் சேராத வெள்ளைச் சோளம். பாயானாக்களில் பலர், விற்பனை தொடங்கும் முன்பு முதலில் சில சின்ன அக்கராஜேக்களைப் பொரித்துப் படையலாகத் தெருவில் இடுவார்கள். அதைப் படமெடுக்க ஓடாதீர்கள்.

படையலும் சாப்பாடும் எவ்வளவு நெருக்கம் என்பதைச் செப்டம்பர் 27-இல் பார்க்கலாம். அன்று இரட்டைப் புனிதர்களான கோஸ்மே, தமியாவ் திருநாள். ஆப்பிரிக்க மரபில் இபேஜி என்ற இரட்டைக் குழந்தைத் தெய்வங்களோடு இவர்களை இணைத்து வணங்குகிறார்கள். நேர்த்திக்கடன் உள்ள வீடுகளில் பெரும் பாத்திரத்தில் கருரு செய்வார்கள். ஆயிரம் வெண்டைக்காய், இரண்டாயிரம் வெண்டைக்காய் என்று காய்க்கணக்கு சொல்லித்தான் பேச்சு. அக்கம்பக்கத்தார் முதல் நாளே கத்தியோடு வந்து நறுக்க உட்காருவார்கள். முதலில் ஏழு குழந்தைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, நடுவில் தாம்பாளத்தை வைத்துக் கையால் உண்ணச் செய்வார்கள். அவர்கள் எழுந்த பிறகுதான் பெரியவர்களுக்குத் தட்டு. சில முழு வெண்டைக்காய்களையும் பாத்திரத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் தட்டில் ஒன்று வந்தால் அடுத்த ஆண்டு கருரு செய்ய வேண்டியவர் நீங்கள். அந்த மாதத்தில் பல உணவகங்களும் கருருத் தட்டு போடும். சோறு, வத்தப்பா, கோழி ஷின்ஷிம், தட்டைப்பயறு, பொரித்த வாழைப்பழம், சோளப்பொரி, கரும்புத் துண்டு எல்லாம் அதில் இருக்கும்.

இன்று இதெல்லாம் ஊரின் பெருமையாகப் பேசப்படுகிறது. ஆனால் 1976 வரை பாஹியாவில் கந்தோம்ப்ளே இல்லங்கள் சடங்கு நடத்தப் போலீசில் பதிந்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

பக்கத்து மாநிலத்தார் தங்கள் மொக்கேக்காதான் அசல் என்கிறார்களே?

எஸ்பிரிட்டோ சாந்தோ மாநிலத்தில் தெந்தேயும் தேங்காய்ப்பாலும் சேர்க்காமல், ஜாப்பரா விதையின் சிவப்பு நிறத்தோடு செய்கிறார்கள். மற்றதெல்லாம் வெறும் மீன்குழம்பு என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய கருநிற மண்சட்டிகள் அருமையானவை. அவற்றை வனையும் கோயாபெய்ராஸ் பகுதிப் பெண்களின் கலைதான் பிரேசில் 2002-இல் முதன்முதலாகப் பதிவு செய்த கைத்தொழில் மரபு. சால்வடோரில் உட்கார்ந்துகொண்டு இந்த வாதத்தைக் கிளப்ப வேண்டாம்.

தமிழர்களுக்கு இந்தச் சுவை பழக்கப்பட்டதாகத் தெரிகிறதே, ஏன்?

பொருட்கள் கப்பலேறிப் போய்வந்தவை என்பதால். முந்திரி, மரவள்ளி, மிளகாய், நிலக்கடலை நான்கும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. அவற்றில் முந்திரிக்குப் பிரேசிலின் வடகிழக்குக் கரையே தாயகம். போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. எதிர்த்திசையில் மாமரமும் பலாமரமும் இங்கிருந்து அவர்கள் கப்பல்களில் பிரேசிலுக்குப் போயின. தென்னையும் 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கொண்டுபோய் நட்டதுதான். பாஹியாவின் சாலையோரங்களில் பலாப்பழத்தைக் குவித்து விற்பதைப் பார்த்தால், அது அங்கே வந்தேறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெண்டைக்காயும் தெந்தேயும் ஆப்பிரிக்காவின் பங்கு. புளியும் கறிவேப்பிலையும் தேடாதீர்கள், தாளிப்பும் கிடையாது.

குடிக்க என்ன கேட்கலாம்?

பழச்சாறு. கஜா, உம்பு, மங்கபா ஆகியவற்றை வேறு ஊரில் குடிக்க வாய்ப்பு குறைவு. கஜாவும் உம்புவும் இலங்கையில் அம்பரெல்லா என்று விற்கும் காயின் இனம். புளிப்பு தெந்தேயின் கனத்தை அறுக்கும். முந்திரிப்பழச் சாறு தொண்டையைக் கொஞ்சம் பிடிக்கும், பழகிவிடும். பீர் 600 மில்லி பாட்டிலில் வரும். ஒரு பாட்டிலை மேசையில் எல்லோரும் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் பகிர்ந்துகொள்வது வழக்கம். கரும்புச்சாராயமான கஷாசாவும் எலுமிச்சையும் சேர்ந்த கைப்பிரின்யா இனிப்பில் ஏமாற்றி இறங்கும், வெயில் நேரத்தில் ஒன்றோடு நிறுத்துங்கள்.

'கிலோ' என்று போட்ட கடைகள் எவை?

தட்டை எடுத்து வேண்டியதைப் போட்டுக்கொண்டு தராசில் வைத்தால் எடைக்கு ஏற்பப் பணம். மொழி தெரியாதவர்களுக்கும், எல்லாவற்றிலும் ஒரு கரண்டி ருசி பார்க்க நினைப்பவர்களுக்கும் வசதி. வெள்ளிக்கிழமை இங்கேயும் தெந்தே வரிசை போடுவார்கள். மொக்கேக்காவை மட்டும் இங்கே எடுக்காதீர்கள்.

ஊரில் எந்தப் பக்கம் தேடுவது?

பழைய நகரமான பெலோரிஞ்ஞோவில் சுற்றுலாக் கூட்டம் அதிகம். அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த கம்பத்தின் பெயரே அந்த இடத்துக்கு நிலைத்தது. இன்று அது உலகப் பாரம்பரியக் களம். செனாக் என்ற தொழிற்பயிற்சி நிறுவனம் அங்கே நடத்தும் பயிற்சி உணவகத்தில் பாஹியாவின் பதார்த்தங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். பெயர்களைப் பழகிக்கொள்ள நல்ல இடம். ரியோ வெர்மெல்யோ பகுதி மாலை நேர அக்கராஜேக்குப் பேர்போனது. அங்கே டின்யா, சிரா என்ற இரண்டு பாயானாக்கள் பெயரில் நடக்கும் கடைகளில் எது மேல் என்பது ஊர் மக்களின் ஓயாத சண்டை. கடலை ஒட்டிய சோலார் டோ உன்யாவ் மீனவர் குடியிருப்பில் வீட்டு முற்றத்திலேயே மேசை போட்டு மொக்கேக்கா தருகிறவர்கள் உண்டு.

சாப்பாட்டைப் புரிந்துகொள்ள ஒரு காலைப்பொழுதைச் சாவ் ஜொவாக்கிம் சந்தையில் கழியுங்கள். மலைமலையாக உலர்ந்த இறால், பழைய பாட்டில்களில் அடைத்த தெந்தே, மூட்டை மூட்டையாக மரவள்ளி மாவு, வழிபாட்டுக்கான மண்கலங்கள், உயிர்க்கோழிகள் எல்லாம் அங்கே அடுத்தடுத்த சந்துகளில். இறாலை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள்.

பணம், டிப்ஸ் எப்படி?

பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். சட்டப்படி அது உங்கள் விருப்பம், ஆனால் கொடுப்பதே வழக்கம். அதற்குமேல் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. பாட்டு நடக்கும் இடத்தில் அதற்கென ஒரு தொகை தனியாக இருக்கும். உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேசிலியர்கள் 2020-இல் வந்த பிக்ஸ் முறையில் செல்பேசியிலேயே செலுத்துவார்கள்; அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு தேவை. கார்டு பெரும்பாலும் எடுப்பார்கள். தெருக்கடைக்கும் கடற்கரைக்கும் சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இனிப்பு?

தேங்காய்த் துருவலைச் சர்க்கரையில் கிளறிய கொகாடா: வெள்ளை ஒன்று, வெல்லத்தில் கருப்பாக்கியது ஒன்று. கருப்பே மேல். முட்டை மஞ்சள்கரு, சர்க்கரை, தேங்காய் சேர்ந்து பளபளக்கும் கின்ஜிம் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. இருவருக்கு ஒன்று போதும். மரவள்ளி ஸ்டார்ச்சும் தேங்காயும் சேர்த்துப் பொரித்து, இலவங்கப்பட்டைச் சர்க்கரையில் புரட்டிய உருண்டைகளைப் பாயானாவின் தட்டிலேயே வாங்கலாம். வயிற்றில் இடமே இல்லையென்றால் பஸ் பிடித்து ரிபெய்ராவுக்குப் போங்கள். 1931 முதல் நடக்கும் ஐஸ்கிரீம் கடை ஒன்று அங்கே வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது. மங்கபா ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டதா என்று வரிசையில் நிற்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.